எந்த வாசலைத் தட்டுவது?

நோய் நாள் பார்த்து வருவதில்லை. விபத்து நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. ஆனால் அவை வந்த பின் நாம் செய்யும் முதல் காரியம் பெரும்பாலும் ஒன்றே. கூடிநின்று, "எங்கே கொண்டுபோவது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் உள்ளூர் டாக்டர் போதும் என்கிறார். மற்றொருவர் நேரே மதுரைக்கே போய்விடலாம் என்கிறார். இன்னொருவர் விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். பேச்சு நீள்கிறது, நோயாளியோ பாயில் கிடக்கிறார்.

இந்தக் கேள்விக்கு விடையை நோய் வந்த இரவில் தேடக்கூடாது, நோயில்லாத பகலிலேயே தேடி வைத்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அந்த விடையை வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததைச் செய்யும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும். இவ்விரண்டையும் ஆண்டுமலர் வழியாகப் பெற்றோர் முன்னும் அருட்சகோதரிகள் முன்னும் வைக்க விரும்புகிறோம்.

நம் ஊரும் நம் தூரமும்

மகாராஜபுரம் மலையடிவாரத்து ஊர். தென்னந்தோப்பும் நெல்வயலும் சூழ்ந்த ஊர். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சதுரகிரி மலைக்குச் செல்வோர் தாணிப்பாறையை நோக்கித் திரளாகப் போவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். பசுமைக்கும் அமைதிக்கும் குறைவில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி என்றால் தூரம்தான். வத்திராயிருப்பில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதைக் கடந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர், அதற்கப்பால் ராஜபாளையம். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, பெரியவர்கள் இன்றும் 'எர்ஸ்கின் ஆஸ்பத்திரி' என்று சொல்கிறார்களே அதுதான், இன்னும் தொலைவு.

நகரத்தில் வாசல் தவறித் தட்டினால் அடுத்த தெருவில் இன்னொரு வாசல் உண்டு. நம் ஊரில் வாசல் தவறினால் ஒரு மணி நேரம் போய்விடும். ஆகவே நகரத்தாரைவிட நாமே இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டியவர்கள்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கிறது. காயத்தைக் கட்டும் துணியை உலகுக்கு அனுப்பும் வட்டாரம் நம்முடையது. காயம்பட்டவரை எங்கே அனுப்புவது என்று நாம் அறியாதிருக்கலாமா?

சிவப்பு, மஞ்சள், பச்சை

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் வந்தவரை முதலில் பார்ப்பதில்லை. இதைக் கண்டு பலர் கோபம் கொள்வதுண்டு. "நாங்கள் காத்திருக்க, பின்னால் வந்தவரை உள்ளே அழைத்துப் போகிறார்களே!" என்று சண்டையிடுவோரும் உண்டு. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிரெஞ்சு மன்னன் நெப்போலியனின் படையில் லாரே என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பதவி பார்த்துக் கவனிக்காமல், யாருடைய காயம் மிகக் கொடியதோ அவரை முதலில் கவனிக்கும் முறையை அவர் கடைப்பிடித்தார். தளபதியானாலும் சிறு காயமென்றால் காத்திருக்க வேண்டும். சாதாரணச் சிப்பாயானாலும் உயிர் ஊசலாடினால் அவனுக்கே முதலிடம். அந்த முறையே இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. தமிழகத்து அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலும் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கிறார்கள்.

இந்த மூன்று நிறங்களை ஆஸ்பத்திரி வாசலோடு விட்டுவிடாமல் நம் வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்தால் என்ன?

பச்சை என்பது காத்திருக்கக்கூடியது. சளி, சாதாரண இருமல், பழைய மூட்டுவலி, தொடர்ந்து உண்ணும் மாத்திரை தீர்ந்துபோவது போன்றவை. இவற்றிற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பகல்நேரப் புறநோயாளிப் பிரிவு போதும்.

மஞ்சள் என்பது இன்றே பார்க்க வேண்டியது. ஆனால் அலறியடித்து ஓட வேண்டியதில்லை. தையல் போட வேண்டிய வெட்டுக்காயம், சுளுக்கா முறிவா என்று ஐயப்படும்படி வீங்கிய கால், இரண்டு மூன்று நாட்களாக விடாத காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோடு காய்ச்சல் போன்றவை இவ்வகை. நாய்க்கடியும் இதில் சேரும். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள்பொடி அப்பிக்கொண்டு வீட்டிலிருப்பது ஆபத்து. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் அதற்குப் பின் காப்பாற்ற மருந்தில்லை. முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல், குறித்துக் கொடுத்த நாட்களில் எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். முகத்திலோ கழுத்திலோ ஆழமாகக் கடிபட்டிருந்தால் அது மஞ்சளன்று. உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் இந்த மஞ்சள் வகைக்கென்றே தனி மருத்துவ நிலையங்கள் இருக்கின்றன. குடும்ப டாக்டருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் இடைப்பட்டவை அவை. நம்மிடம் அப்படித் தனிப் பெயர் கொண்ட இடமில்லை. ஆனால் அந்த வேலையை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களும் வட்டார அரசு மருத்துவமனைகளும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. நாம்தான் 'சின்ன ஆஸ்பத்திரிதானே' என்று முகம் சுளித்து அவற்றைத் தாண்டிப் போகிறோம்.

சிவப்பின் அடையாளங்கள்

சிவப்பு என்பது நிமிடங்களில் உயிர் போகக்கூடியது. இதன் அடையாளங்களை மனப்பாடச் செய்யுளைப் போல நாம் நெட்டுருப் போட வேண்டும்.

நெஞ்சை அழுத்துவது போன்ற வலி வந்து, அது இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, உடம்பு வியர்த்துக் கொட்டினால் அது வாயுவென்று சுக்குக் கஷாயம் வைக்கும் நேரமன்று. இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டால், நிமிடந்தோறும் இதயத்தசை மடிகிறது. மலையேறும்போது இப்படி வந்தால் "உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளலாம்" என்று எண்ணாமல் அங்கேயே அமர்ந்து உதவி கேட்க வேண்டும். தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, இத்தகைய வலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே சிறிய வாசலைத் தாண்டிப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது.

பக்கவாதத்தின் கணக்கு வேறு. முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்றைத் திடீரெனக் கண்டாலும் ஐயப்பட வேண்டும். மூளைக்குச் செல்லும் குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அடைப்பா இரத்தக்கசிவா என்று அதுவே சொல்லும். ஆகையால் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையே இங்குச் சரியான வாசல். "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பது அங்கே கேட்கப்படும் முக்கியமான கேள்வி. வீட்டிலுள்ளவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வதும் ஒரு சிகிச்சையே எனலாம்.

பாம்புக்கடியின் கணக்கு மீண்டும் மாறுகிறது. வயலும் தோப்பும் நிறைந்த நமக்கு இது தூரத்துச் செய்தியன்று. இங்கே தேவை பெரிய ஆஸ்பத்திரியைவிட, நஞ்சுமுறிவு மருந்துள்ள மிக அருகிலுள்ள ஆஸ்பத்திரி. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரிக்கப் போவது யாவும் தீங்கே. கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்து வேலை செய்கிறது. அந்த மருந்தைச் செய்யத் தேவையான நஞ்சில் பெரும்பங்கைத் தருவது, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் என்பது தமிழராகிய நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. 2024இல் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்துறங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ தெரியாமலிருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி வந்து, கண்ணிமைகள் தாமாகச் சரிந்தால் பாம்பைக் காணாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இவையன்றி மூச்சுத்திணறல், நிற்காத இரத்தப்போக்கு, வலிப்பு, மயக்கம், பெரிய தீக்காயம் ஆகியவையும் சிவப்பே. தீக்காயத்தின் மேல் இங்க்கும் பேஸ்டும் பூசாமல் 20 நிமிடம் சாதாரணக் குழாய்நீரை ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெயையோ பூச்சிமருந்தையோ குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல், அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மூன்று மாதத்திற்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் சிவப்பு. டெங்குக் காய்ச்சலில் சூடு தணிந்த பின் கடும் வயிற்றுவலியோ, ஓயாத வாந்தியோ, பல் ஈறில் இரத்தமோ வந்தால் "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று நிம்மதி கொள்ளலாகாது. ஆபத்தே அப்போதுதான் தொடங்குகிறது.

"நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கே போனால் என்ன?"

இப்படிக் கேட்போர் பலர். எல்லாவற்றிற்கும் பெரிய இடமே பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இதில் இரு தீமைகள் உண்டு. தொலைவிலுள்ள பெரிய வாசலை அடையுமுன், அருகிலேயே கிடைத்திருக்கக்கூடிய முதலுதவி தவறிப்போகிறது. பாம்புக்கடியில் இது உயிரையே கேட்டுவிடும். அடுத்து, சளிக்கும் சிரங்குக்கும் நாமெல்லாரும் மதுரையில் போய் நின்றால், அங்கே உண்மையிலேயே உயிருக்குப் போராடுபவரின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறோம். தேவையில்லாமல் ஒரு படுக்கையை நிறைப்பது, தேவையுள்ள ஒருவரின் படுக்கையைப் பறிப்பதாகும். இது மருத்துவ அறிவு மட்டுமன்று, அறமும் ஆகும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 'விடியட்டும்' என்ற சொல் நிற்கிறது. பணம் புரளட்டும், அப்பா மில்லிலிருந்து ஷிப்டு முடிந்து வரட்டும், மாமா வண்டி எடுத்து வரட்டும் என்று காத்திருக்கிறோம். இந்தக் காத்திருப்பே நம் வீடுகளில் அதிக உயிர்களுக்கு உலை வைக்கிறது என்று அஞ்சுகிறோம்.

ஐயம் வந்தால் கேட்பதற்கும் வழியிருக்கிறது. 1937இல் இலண்டன் மாநகரில் அவசர உதவிக்கென 999 என்ற எண்ணை ஏற்படுத்தினார்கள். தமிழகத்தில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. கட்டணமில்லை. அந்த வண்டியில் முதலுதவிப் பயிற்சி பெற்றவரும் ஆக்ஸிஜனும் உண்டு. எந்த நோய்க்கு எந்த மருத்துவமனை என்று அவர்கள் அறிவார்கள். வண்டி வர எவ்வளவு நேரமாகும் என்றும் கேட்கலாம். மிகவும் தாமதமாகும் என்றால் கிடைத்த வண்டியில் புறப்படலாம். பச்சையா மஞ்சளா என்று தெரியாத சிறு சந்தேகங்களுக்கு, 2013இல் தொடங்கப்பட்ட 104 என்ற ஆலோசனை எண் இருக்கிறது. இரவு 10 மணிக்கு, "இதற்காக இப்போதே போகவேண்டுமா?" என்று அதில் தயங்காமல் கேட்கலாம்.

அம்மாவின் நோவு எந்த நிறம்?

இங்கே பெற்றோரிடம் ஒன்று மனம்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் அம்மா நடுச்சாமத்திலும் எழுந்து ஓடுவார். அப்பாவுக்கு நெஞ்சுவலியென்றால் தெருவே எழும். ஆனால் அம்மாவுக்கு வந்தால்? "ஒன்றுமில்லை, களைப்பு" என்று அவரே சொல்லிவிடுவார், நாமும் நம்பிவிடுவோம். எல்லாருடைய நோயும் சிவப்பும் மஞ்சளுமாக இருக்க, வீட்டுப் பெண்ணின் நோய் மட்டும் என்றென்றைக்கும் பச்சையாகவே இருக்கிறது.

பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலி பெரிதாக இல்லாமலும் இருக்கலாம் என்கிறது மருத்துவம். மூச்சிரைப்பு, குமட்டல், முதுகிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத பெருங்களைப்பு என்றெல்லாம் அது வேடமிட்டு வரும். கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, கடும் தலைவலியோடு கண்மங்கல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை எதுவானாலும் சிவப்பே. பெரிய பெண்ணாகிவிட்ட மாணவிக்கு வழக்கத்துக்கு மாறான அடிவயிற்று வலி வந்தால், 'அந்த நாள் வலி' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் ஒதுக்கிவிடவும் கூடாது. வலி தொப்புளருகே தொடங்கி வலப்பக்க அடிவயிற்றில் நிலைத்து, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கக்கூடும். விடுதிப் பொறுப்பிலுள்ள சிஸ்டர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். வெட்கத்தால் சொல்லாத பிள்ளையே அதிக ஆபத்தில் இருப்பவள்.

யாருடைய அனுமதி வேண்டும்?

பகலில் பெற்றோர் வயலுக்கும் மில்லுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்விட, வீட்டில் அப்பத்தாவோடும் தம்பியோடும் இருப்பது நாம்தான். அப்பத்தா சரிந்து விழும்போது அருகில் இருப்பதும் நாம்தான். ஆனால் "பெரியவங்க வரட்டும், சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்றே பழக்கப்பட்டிருக்கிறோம்.

தவறாக அழைத்துவிட்டால் என்ன செய்வது என்று சிலர் அஞ்சலாம். உண்மையான பயத்தால் அழைத்து, ஆபத்தில்லை என்று தெரியவந்தால் ஒரு நிம்மதிப் பெருமூச்சோடு போகும். அழைக்க வேண்டிய நேரத்தில் அழைக்காமற்போனால் ஆயுளுக்கும் ஆறாது. இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கும்படி பெற்றோரை வேண்டுகிறோம்.

பணத்தைப் பற்றிய பயத்திற்கும் சட்டம் ஓரளவு மருந்திட்டிருக்கிறது. உயிருக்குப் போராடுபவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் முதற்கடமை என்று 1989இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரத்தில், அரசு குறித்துள்ள தொகைவரை, பதிவுபெற்ற தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தமிழகத்தில் தொடங்கியது. விபத்துக்குள்ளானவரைத் தூக்கிச் சென்றால் போலீசும் கோர்ட்டுமாக அலைய நேரிடும் என்ற அச்சத்திற்கும் இடமில்லை. உதவி செய்தவரைப் பெயரைச் சொல்லும்படியும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் கூறுகின்றன. அச்சட்டம் அவரை 'நல்ல சமாரியர்' என்றே அழைக்கிறது. நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட உவமைதான் அது. அந்தச் சமாரியர் வழியில் கிடந்தவனின் ஊரையும் இனத்தையும் கேட்கவில்லை. யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. காயத்தைக் கட்டினார், தம் வாகனத்தில் ஏற்றினார், சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரக்கம் என்பது மனம் உருகுவதோடு முடிவதன்று; கொண்டுசேர்க்க வேண்டிய இடத்தை அறிந்திருப்பதும் இரக்கமே.

நாம் செய்யக்கூடியது

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பார்த்துக்கொள்பவரையும் நான்காவதாகச் சேர்க்கிறார். அந்த நான்காவது இடம் நம்முடையது. எம்.பி.பி.எஸ். படித்தால்தான் உயிர் காக்கலாம் என்பதில்லை.

ஒவ்வொரு மாணவியும் இந்த விடுமுறையில் ஓர் அட்டையை எழுதி வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டட்டும். அதில் 108, 104 என்ற எண்களும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதும், நஞ்சுமுறிவு மருந்து அருகில் எங்கே கிடைக்கும் என்பதும், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை எது என்பதும் இருக்கட்டும். இவற்றை நேரில் போய்க் கேட்டே எழுத வேண்டும். வீட்டிலுள்ளோர் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களையும் ஒவ்வாத மருந்துகளையும் கீழே எழுதிவைத்தால் டாக்டருக்கும் உதவியாக இருக்கும். பள்ளியில் ஆண்டுக்கொரு முறையேனும் அருகிலுள்ள டாக்டரையோ நர்சையோ அழைத்து, முதலுதவியைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும் என்று மதர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்த நாளில் தாய்மாரையும் அழைத்தால் பயன் இருமடங்காகும்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் உங்கள் மகளிடம், "நாங்கள் இல்லாதபோது இப்படி ஏதாவது நேர்ந்தால் நீயே போன் செய், எங்களைக் கேட்க வேண்டாம்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. உங்களிடமிருந்துதான் அவளுக்குக் கிடைக்க வேண்டும்.